நான்கு மீட்டருக்குள் ஒரு குடும்பம்: சின்ன எஸ்யூவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

டாடா நெக்ஸான், மாருதி பிரெஸ்ஸா, ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட், ஸ்கோடா கைலாக். ஐந்து கார்களுக்கும் கம்பெனிகள் தரும் விவரத்தாளில் நீளம் மட்டும் ஒன்றுதான்: 3,995 மி.மீ. மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ இதைவிட 5 மி.மீ. குறைவு. இந்த ஒற்றுமைக்குக் காரணம் வரி. 2006-07 மத்திய பட்ஜெட்டில் 4 மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசிக்கு மிகாத எஞ்சினும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஜிஎஸ்டி வந்த பிறகும் அந்தக் கோடு அப்படியே நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்குள் இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40 சதவீதம்.

நீளம், எஞ்சின் இரண்டு நிபந்தனையும் சேர்ந்தே பொருந்த வேண்டும். பிரெஸ்ஸா நீளத்தில் உள்ளே நின்றாலும் அதன் பெட்ரோல் எஞ்சின் 1,462 சிசி என்பதால் 40 சதவீத வரியில் வருகிறது. 1,199 சிசி பெட்ரோல் நெக்ஸானும் 1,497 சிசி டீசல் நெக்ஸானும் 18 சதவீதத்தில் வருகின்றன.

இந்த வரிக்கணக்கு வீட்டுக்கு வரும் காரின் உள்ளமைப்பையே தீர்மானிக்கிறது. நீளத்தை நான்கு மீட்டருக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்ட முடியாது. எஞ்சினுக்கும் மோதலைத் தாங்கும் முன்பகுதிக்கும் ஒரு பங்கு போனபின், மிச்சத்தை பின் சீட்டில் கால் வைக்கும் இடமும் டிக்கியும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று கூடினால் மற்றது குறையும். 3எக்ஸ்ஓவுக்கு முன்பு வந்துகொண்டிருந்த எக்ஸ்யூவி300 இதற்கு நல்ல உதாரணம். 2,600 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவிலுள்ள தூரம்) இருந்ததால் பின் சீட் தாராளம், டிக்கி 257 லிட்டர்தான். ஆகவே கார் பார்க்கப் போகுமுன் வீட்டில் பேசித் தீர்க்க வேண்டியது ஒன்றுதான்: நம் குடும்பத்துக்கு எது முட்டுகிறது, பின் சீட்டா, டிக்கியா? இதற்குப் பதில் தெரியாமல் ஷோரூமுக்குள் நுழைந்தால் பெரிய ஸ்கிரீனும் சன்ரூஃபும்தான் முடிவெடுக்கும்.

பின் சீட்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. வீட்டில் யார் அதிகம் ஓட்டுவாரோ அவர் தன் வசதிக்கு டிரைவர் சீட்டை வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த சீட்டை நகர்த்தாமல், வீட்டிலேயே உயரமானவர் அதன் பின்னால் உட்கார வேண்டும். முழங்காலுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் நான்கு விரல் நுழைந்தால் நீண்ட பயணத்துக்குத் தாங்கும். முழங்காலோடு பார்வையை நிறுத்திவிடாமல் தொடையையும் பாருங்கள். சில கார்களில் கால் இடத்தைக் கூட்டிக்காட்ட சீட்டின் அடிப்பலகையைக் குட்டையாக்கியிருப்பார்கள். தொடையின் பாதி அந்தரத்தில் நிற்கும். பத்து நிமிட டெஸ்ட் டிரைவில் இது உறைக்காது. மதுரையிலிருந்து சென்னை போகும்போது விழுப்புரத்துக்குள் இடுப்பு வலிக்க ஆரம்பித்துவிடும்.

தலைக்கு மேலே உள்ள இடத்தை, சன்ரூஃப் உள்ள வேரியன்ட்டிலும் இல்லாத வேரியன்ட்டிலும் தனித்தனியாக உட்கார்ந்து பாருங்கள். ஒரே மாடலில்கூட சன்ரூஃபின் சட்டம் கூரையை உள்ளே சில சென்டிமீட்டர் இறக்கிவிடும். சன்ரூஃப் வேண்டும் என்று முடிவானால் ஒரு பராமரிப்பு சேர்ந்துகொள்கிறது. ஓரங்களில் சேரும் மழைநீர் மெல்லிய குழாய்கள் வழியாகத் தூண்களுக்குள் இறங்கி வெளியேறுகிறது. வேப்பம்பூவும் தூசியும் அடைத்தால் தண்ணீர் உள்விளக்கின் வழியாகச் சொட்டும். மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு வருடமும் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும்.

வீட்டில் மூட்டுவலி உள்ள பெரியவர்கள் இருந்தால் அவர்களை நேரில் அழைத்துப் போய் ஏற்றி இறக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சீட் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே இருந்தால் அப்படியே உட்கார்ந்து காலை உள்ளே திருப்பிக்கொள்ளலாம். செடான் கார்களைவிட இந்த வகை கார்களை முதியவர்கள் விரும்புவதற்கு இதுதான் காரணம். சீட் ரொம்பவும் உயர்ந்துவிட்டால் ஏறுவதே பாடாகிவிடும். டேப் வைத்து மூன்று அளவு எடுங்கள்: தரையிலிருந்து சீட்டின் மேற்பரப்பு, தரையிலிருந்து கதவின் அடிச்சட்டம், அந்தச் சட்டத்திலிருந்து உள்தளம் எவ்வளவு இறக்கம். மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. இறங்கும்போது காலை அந்த அளவுக்குத் தூக்கித்தான் வெளியே வைக்க வேண்டும். சேலைக்கும் வேட்டிக்கும் அந்தச் சட்டம்தான் தடங்கல். டாடா பஞ்ச் நான்கு மீட்டரைவிட நன்றாகவே குட்டையான கார். ஆனால் அதன் கதவுகள் கிட்டத்தட்ட 90 டிகிரி திறக்கும். முதியவர்கள் உள்ள வீட்டில் அதற்கு நிஜமான மதிப்பு உண்டு.

பின் ஜன்னலின் கீழ்விளிம்பு பின்னால் போகப் போக மேலே ஏறுவது இப்போதைய வடிவமைப்பு. வெளியே அழகு, உள்ளே குழந்தைக்குச் சுவர். வெளியே பார்க்க முடியாத குழந்தைக்கு மலைப்பாதையில் வாந்தி வருவது அதிகம். உடல் உணரும் அசைவும் கண் பார்ப்பதும் பொருந்தாமல் போவதுதான் காரணம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் குழந்தைகளோடு ஏறுகிற குடும்பம் இந்த ஒன்றுக்காகவே பின் கண்ணாடியைப் பெரிதாக வைத்திருக்கும் காரை எடுக்கலாம்.

ஐந்து பேர் உட்காரலாம் என்று ஆர்.சி.யில் இருக்கும். பின்னால் மூன்று பெரியவர்கள் என்பது இந்த அகலத்தில், அதாவது 1,770 முதல் 1,820 மி.மீ. வரை, குறுகிய தூரத்துக்கு மட்டும் சரிப்படும். நடுவில் உட்காருபவருக்கு மூன்று முனை பெல்ட்டும் ஹெட்ரெஸ்ட்டும் அந்த வேரியன்ட்டில் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். நடுவில் தரை மேடாக இருந்தால் அவருக்குக் கால் வைக்க இடமிருக்காது. தினமும் ஆறு பேர் போகிற வீட்டுக்கு இந்த வகையே ஒத்துவராது. எர்டிகா, கேரன்ஸ் போன்ற மூன்று வரிசை கார்களைப் பார்ப்பதுதான் நியாயம்.

குழந்தைக்கான சீட்

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்ந்த 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தை பெல்ட் போட்டோ, சைல்ட் சீட்டிலோ உட்கார வேண்டும். மீறினால் 1,000 ரூபாய் அபராதம். மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பல்ல. மோதலின்போது பத்து கிலோ குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த எந்தப் பெரியவராலும் முடியாது.

கார் தேர்வில் இது இடப்பிரச்சினையாக வருகிறது. கைக்குழந்தைக்கான சீட்டைப் பின்னோக்கித்தான் வைக்க வேண்டும். சைல்ட் சீட்டுகளுக்கான ஐ-சைஸ் தரத்தில் குறைந்தது 15 மாதம் வரை அப்படித்தான். சாய்வாக இருப்பதால் அது முன் சீட்டை முட்டித் தள்ளும். ஏற்கெனவே வாங்கிய சீட் இருந்தால் ஷோரூமுக்கு எடுத்துப்போய்ப் பொருத்துங்கள். அதை வைத்தபின் முன்னால் உட்காருபவரின் முழங்கால் டாஷ்போர்டைத் தொடாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சைல்ட் சீட்டைக் காரோடு பூட்டும் இசோஃபிக்ஸ் கொக்கிகள் பொதுவாகப் பின்னால் இரு ஓரங்களிலும் இருக்கும். சில கார்களில் அவை குஷனுக்குள் ஆழமாகப் புதைந்திருக்கும், ஒவ்வொரு முறையும் விரல் சிராய்க்கும். சீட்டின் முதுகுக்குப் பின்னாலிருக்கும் மேல்பட்டைக் கொக்கியையும் தேடிப் பாருங்கள். இரண்டு சைல்ட் சீட் வைத்தால் தலா 44 செ.மீ. அகலம் போய்விடும். நடுவே பாட்டி உட்காரலாம் என்ற கணக்கு இந்த கார்களில் நடக்காது. ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் பின்னோக்கிய சைல்ட் சீட்டை எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது.

டிக்கி

பிரெஸ்ஸாவுக்கு 328 லிட்டர், நெக்ஸானுக்கு 382, கைலாக்குக்கு 446 என்று கம்பெனிகள் சொல்கின்றன. இந்த எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. டிக்கியை மூடும் ட்ரே வரைக்கும் அளப்பவர்களும் உண்டு, ட்ரேயை எடுத்துவிட்டுக் கூரை வரை அளப்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் நூறு லிட்டர்கூட வேறுபடலாம். வீட்டிலுள்ள பெரிய சூட்கேஸையும் குழந்தைவண்டியையும் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பதே சரியான அளவு. சக்கர வளைவுகளுக்கு நடுவே உள்ள அகலமும், டிக்கியின் வாயில் உள்ள மேடும் முக்கியம். அந்த மேடு இடுப்பளவுக்கு இருந்தால் 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி உள்ளே இறக்குவதும் திரும்ப எடுப்பதும் முதுகைப் பிடித்துவிடும்.

கியா சைராஸ் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கப் பார்க்கிறது. பின் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம், டிக்கி 390 லிட்டரிலிருந்து 465 லிட்டர் வரை மாறும். பள்ளி நாட்களில் ஒரு மாதிரி, ஊருக்குப் போகையில் வேறு மாதிரி என்று வாழும் குடும்பத்துக்கு இது நல்ல யோசனை.

சிஎன்ஜி எடுப்பவர்கள் டிக்கியைத் திறந்து பார்க்காமல் முன்பணம் கட்டக் கூடாது. ஒரே பெரிய சிலிண்டர் வைத்த கார்களில் டிக்கி பெயருக்குத்தான் இருக்கும். டாடாவும் ஹூண்டாயும் சிலிண்டரை இரண்டாகப் பிரித்துத் தரைக்கு அடியில் வைத்தபின் நிலைமை மாறியது. நெக்ஸான் சிஎன்ஜியில் 321 லிட்டர் மிஞ்சுகிறது. ஸ்டெப்னி எங்கே போனது என்று கேளுங்கள். சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை கட்டாயம் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

எஞ்சினும் கியரும்

எஞ்சினைக் குடும்பத்தின் ஓட்டம்தான் முடிவு செய்ய வேண்டும். ஐந்து பேரும் பெட்டிகளும் சேர்ந்தால் 400 கிலோ. அந்தச் சுமையோடு மலை ஏறும்போது தாழ்ந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் சுழலும் வேகத்தில்) கிடைக்கும் டார்க், அதாவது சுழற்றும் விசைதான் கைகொடுக்கும். பிரெஸ்ஸாவின் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத 1.5 லிட்டர் எஞ்சின் சுமார் 137 நியூட்டன் மீட்டரை 4,400 ஆர்பிஎம்மில் தருகிறது. கைலாக்கின் 1.0 லிட்டர் டர்போ 178 நியூட்டன் மீட்டரை 1,750-லேயே தந்துவிடும். மறுபக்கம், டர்போ இல்லாத எஞ்சின் ஊருக்குள் மெதுவாக உருளும்போது பதமாக இருக்கும். டர்போவை மிதித்து ஓட்டினால் மைலேஜ் சட்டென்று இறங்கும்.

டீசலுக்குக் கணக்குப் போட்டே ஆக வேண்டும். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று கொள்வோம். நிஜ ஓட்டத்தில் பெட்ரோல் கார் 13, டீசல் கார் 18 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 7.77 ரூபாய்க்கு எதிரே 5.11, அதாவது 2.66 ரூபாய் மிச்சம். டீசலுக்கு 1,30,000 ரூபாய் கூடக் கொடுத்திருந்தால் அதை மீட்க ஏறக்குறைய 49,000 கி.மீ. ஓட வேண்டும். வருடம் 20,000 ஓடுபவருக்கு இரண்டரை வருடம், 8,000 ஓடுபவருக்கு ஆறு வருடம்.

இதைவிடப் பெரிய தடை டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி. சேர்ந்த கரியை எரிக்க எஞ்சின் நன்றாகச் சூடாகி, விடாமல் 15, 20 நிமிடமாவது நெடுஞ்சாலை வேகத்தில் ஓட வேண்டும். பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர், கடைக்கு இரண்டு கிலோமீட்டர் என்று மட்டும் ஓடும் காரில் கரி எரியாமலே தேங்கும், எச்சரிக்கை விளக்கு எரியும், கடைசியில் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப்போக வேண்டிவரும். ஊருக்குள்ளேயே ஓடும் குடும்பம் டீசலைத் தொடாமலிருப்பது நல்லது.

ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் நான்கு வகை விற்கிறது. சாதாரண கியர்பாக்ஸையே மோட்டார் இயக்கும் ஏஎம்டி விலை குறைவு, கியர் மாறும்போது ஒரு தயக்கம் இருக்கும். பாலத்தின் ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது பின்னால் உருளுமா என்று சோதிக்க வேண்டும். ஹூண்டாய், கியா டர்போ கார்களின் டிசிடி, அதாவது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், உலர் கிளட்ச் வகை. வேகமாக மாறும், ஆனால் பிரேக்கை விட்டு விட்டு ஊர்ந்துகொண்டே இருந்தால் சூடாகும். நெக்ஸானின் டிசிஏவும் இரட்டை கிளட்ச்தான், ஆனால் எண்ணெயில் நனைந்த கிளட்ச் என்பதால் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். பிரெஸ்ஸா, கைலாக், பெட்ரோல் 3எக்ஸ்ஓவில் வரும், கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர்தான் கிண்டி, வேளச்சேரி நெரிசலுக்கும் மலைக்கும் ஒருசேரக் கவலையற்றது. நிசான் மேக்னைட்டில் வரும், தனித்தனி கியர் இல்லாத சிவிடி ஊருக்குள் வழுக்கிக்கொண்டு போகும், ஓங்கி மிதித்தால் சத்தம் முந்தும், வேகம் பின்னால் வரும்.

வீட்டில் சார்ஜ் செய்ய வசதியிருந்து, தினசரி ஓட்டம் நிலையாக இருந்தால் மின்சார காரும் பட்டியலில் சேர வேண்டும். அதற்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான்.

உயரம், தண்ணீர், மோதல்

இங்கே பேசிய கார்கள் எல்லாமே முன்சக்கரம் மட்டும் இழுப்பவை. உயரமான கார்களே தவிர, சேற்றிலும் மணலிலும் போகும் ஜீப் அல்ல. கிரவுண்ட் கிளியரன்ஸாக (தரைக்கும் காரின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி) சொல்லும் 189, 208 மி.மீ. போன்ற எண்கள் காலி வண்டியில் எடுத்தவை. ஆள் ஏறினால் பின்பக்கம் இறங்கும். டெஸ்ட் டிரைவில் ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு உங்கள் தெரு வேகத்தடை மேல் ஏற்றிப் பார்த்தால் உண்மை தெரியும்.

உயரம் இருக்கிறது என்று வெள்ளத்தில் இறக்குவதுதான் நம் ஊரில் எஞ்சினைக் கொல்கிறது. காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், அழுத்த முடியாத அந்தத் தண்ணீரை பிஸ்டன் முட்டி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சாதாரண முழுக் காப்பீடு இந்தச் சேதத்துக்குப் பணம் தராமல் போகலாம். சென்னையிலோ கடலூரிலோ இருப்பவர்கள் எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீட்டைச் சேர்த்து எடுப்பது அவசியம்.

கார்களை மோதவைத்து நட்சத்திரம் தரும் பாரத் என்சிஏபி சோதனை 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பெரியவர்களின் பாதுகாப்புக்கு அதிகபட்சம் 32, குழந்தைகளுடையதற்கு 49 புள்ளிகள். முன்மோதல் 64 கி.மீ. வேகத்தில், பக்கமோதல் 50 கி.மீ. வேகத்தில் நடக்கும். நெக்ஸான், 3எக்ஸ்ஓ, கைலாக் மூன்றும் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. நட்சத்திரத்தோடு நிற்காமல் குழந்தைகளுக்கான 49-ல் என்ன கிடைத்தது என்றும் பாருங்கள். அதில் 13 புள்ளிகள் பெல்ட், இசோஃபிக்ஸ் போன்ற காரின் ஏற்பாடுகளுக்கானவை. இன்னொன்று: டெலிவரி முடிந்ததும் பலர் கடையில் சீட் கவர் போடுகிறார்கள். பக்க ஏர்பேக் சீட்டின் ஓரத்திலிருந்துதான் பிரிந்து வரும். அந்த இடத்தில் பிரியும் தையல் இல்லாத கவர் அதை அடைத்துவிடும்.

பணம்

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாறிய சாலை வரியில் 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். படிப்படியாக ஏறாமல் முழு விலைக்கும் ஒரே விகிதம் என்பதால் பத்து லட்சத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. 9,95,000 ரூபாய் காருக்கு வரி 1,29,350. 10,05,000 ரூபாய் காருக்கு 1,80,900. பத்து லட்சத்தைத் தாண்டியதும் விலையில் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) என்று 10,050 ரூபாய் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம். ஆக பத்தாயிரம் கூடுதல் விலை, கையிலிருந்து 71,600 ரூபாயை எடுக்கிறது. ஆன்ரோடு விலையை வேரியன்ட் வாரியாக எழுதி வாங்கிய பிறகே ஒப்பிடுங்கள்.

வேரியன்ட்டில் விடக்கூடாதவை என்று நாங்கள் சொல்வது: ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் பிடிக்கும் இஎஸ்சி, மூன்று முனை பெல்ட்டும் ஹெட்ரெஸ்ட்டும் உள்ள பின் வரிசை, பின் ஏசி வென்ட், உயரம் மாற்றக்கூடிய டிரைவர் சீட், பின் வைப்பர், பின் கண்ணாடியில் படியும் ஈரப்பனியைப் போக்கும் டிஃபாகர். கடைசி மூன்றும் அடிமட்ட வேரியன்ட்களில் அடிக்கடி காணாமல் போகும், வெளியே போட்டுக்கொள்ளவும் சரிவராது. டச் ஸ்கிரீனும் ஸ்பீக்கரும் அப்படியல்ல, பிறகு போடலாம். ஆனாலும் ஒயரை வெட்டாமல் கப்ளர் வழியாகப் பொருத்தச் சொல்லுங்கள், வெட்டினால் வாரன்டி சிக்கல் வரும்.

போர்டிகோ அகலத்தை அளந்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பத்தடி என்பது 3,050 மி.மீ. அதில் 1,800 மி.மீ. காரை நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 62 செ.மீ. தேறும். ஒரு பக்கம் தூணோ, நிறுத்திவைத்த ஸ்கூட்டரோ இருந்தால் அந்தப் பக்கக் கதவைத் திறந்து குழந்தையை சைல்ட் சீட்டில் உட்காரவைக்க முடியாது.

பதிவு செய்யுமுன் வண்டியை யார்டில் போய்ப் பாருங்கள். தயாரித்த மாதம், டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் (முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்), ஸ்டெப்னியின் அளவு ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னி மற்ற டயர்களைவிடச் சிறியதாக இருந்தால் அதற்கென்று எழுதியிருக்கும் வேகத்தைத் தாண்டக் கூடாது. டிரைவர் கதவுத் தூணில் டயர் காற்றழுத்த ஸ்டிக்கர் இருக்கும். அதில் முழுச் சுமைக்கு என்று தனி அளவு தந்திருப்பார்கள். குடும்பத்தோடு வெளியூர் கிளம்பும் காலையில், டயர் சூடேறுமுன், அந்த அளவுக்குக் காற்று நிரப்ப வேண்டும்.